இறக்கத்தில் முன் பிரேக்: நூறு வருடப் பயத்தின் கதை

"இறக்கத்துல முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கிப் போட்டுடும்!"

பைக் ஓட்டக் கற்றுக்கொண்ட எல்லோரும் இதை ஒரு முறையாவது கேட்டிருப்பார்கள். அதுவும் மண் சாலை, மழை வேறு பெய்து சரளைக்கல் எல்லாம் பெயர்ந்து கிடக்கிறது என்றால் கேட்கவே வேண்டாம். அப்பா, மாமா, தெருமுனை மெக்கானிக் என்று ஆளாளுக்கு இதையேதான் சொல்வார்கள். இந்தப் பயம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமானது அல்ல. மோட்டார் சைக்கிள் ஓடிய எல்லா நாடுகளிலும் இது இருந்திருக்கிறது. பயத்துக்குக் காரணமும் உண்டு. ஆனால் செங்குத்தான, வழுக்கும் இறக்கத்தில் இந்த அறிவுரையை அப்படியே கடைப்பிடித்தால் வண்டி நிற்கவே நிற்காது என்பதுதான் வேடிக்கை. இந்த முரண்பாட்டைத் தீர்க்கப் பொறியாளர்களுக்கு ஏறக்குறைய நூறு வருடங்கள் ஆகியிருக்கின்றன.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

பிளஸ் டூ இயற்பியல் போதும். பயப்பட வேண்டாம்!

வண்டியும் ஆளும் சேர்ந்து 250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சாலை ஒவ்வொரு 5 மீட்டருக்கும் 1 மீட்டர் கீழே இறங்குகிறது. மலைப்பாதைகளில் இது கடுமையான இறக்கம்தான், ஆனால் இல்லாத ஒன்று அல்ல. இந்தச் சரிவில் புவியீர்ப்பு வண்டியைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை சுமார் 49 கிலோ எடைக்குச் சமம்.

இப்போது தரையின் பிடிப்பு. நல்ல தார் சாலையில் உராய்வு எண் 0.8-க்கு மேல்கூட இருக்கும். ஈரமான மண்ணும் உருளும் சரளையும் கலந்த பாதைக்கு 0.35 என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டு சக்கரங்களிலும் அதிகபட்சமாகப் பிரேக் பிடித்தால் கிடைக்கும் விசை சுமார் 86 கிலோ. 49 கிலோவை ஈடுகட்டியது போக மீதி 37 கிலோதான் வண்டியை நிறுத்தும் வேலையைச் செய்யும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி இதே மண்ணில் சமதரையில் 10 மீட்டரில் நிற்கும். இந்த இறக்கத்தில் 24 மீட்டர் தேவைப்படும்.

பின் பிரேக்கை மட்டும் பிடித்தால்? பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது. இறக்கத்தில் இருந்தாலே ஏற்கெனவே பாதி சாய்ந்திருக்கும். எனவே பின் சக்கரத்தின் மீது எடை குறைந்து, பிடிப்பும் குறைந்துவிடுகிறது. சாதாரண அளவுள்ள ஒரு பைக்குக்குக் கணக்குப் போட்டால் பின் சக்கரத்தால் தர முடிந்த அதிகபட்ச விசை சுமார் 37 கிலோ. ஆனால் கீழே இழுப்பதோ 49 கிலோ! அதாவது பின் பிரேக்கை முழுதாக மிதித்தாலும் வண்டியின் வேகம் கூடிக்கொண்டேதான் போகும். கியரைக் குறைத்து இன்ஜினைக்கொண்டு தடுத்தாலும் இதே கதைதான். ஏனென்றால் இன்ஜின் பிடிப்பதும் அதே பின் சக்கரத்தைத்தான்.

ஆக, இந்த மாதிரி இறக்கத்தில் உயிரைக் காப்பாற்றக்கூடிய பிரேக் முன் பிரேக்தான். ஆளைக் கீழே தள்ளக்கூடிய பிரேக்கும் அதுவேதான். முன் சக்கரம் சுழலாமல் இறுகிவிட்டால் ஹேண்டில்பார் திருப்புவதில் பலன் இருக்காது, வண்டியின் சமநிலை போய்விடும். யோசிப்பதற்குள் ஆள் தரையில் கிடப்பார். பின் சக்கரம் இறுகினால் வண்டி பின்பக்கம் ஆடும், கொஞ்சம் குறுக்கே போகும், ஆனாலும் ஓரளவு சமாளிக்கலாம். அனுபவத்தில் இதைப் பார்த்தவர்கள் முன் பிரேக்கைத் தொடாதே என்று சொன்னதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

பெல்ட் காலம்

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த மோட்டார் சைக்கிள்கள் உண்மையில் இன்ஜின் பூட்டிய சைக்கிள்கள்தான். பிரேக்கும் சைக்கிளிலிருந்து வந்ததுதான். முன் சக்கரத்தின் விளிம்பை இரண்டு கட்டைகள் அழுத்தும். பல வண்டிகளில் இன்ஜினிலிருந்து பின் சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோனது ஒரு தோல் அல்லது ரப்பர் பெல்ட். அந்த பெல்ட் ஓடும் வளையத்தின் மீது ஒரு கட்டையைக் காலால் அழுத்துவதுதான் பின் பிரேக்.

மழை பெய்தால் விளிம்பு நனைந்து பிரேக் கட்டை வழுக்கும். பெல்ட்டும் நனைந்து வழுக்கும். பெல்ட் வழுக்கினால் ஏற்றத்தில் வண்டி ஏறாது, இறக்கத்தில் இன்ஜின் பிடிப்பும் கிடைக்காது. தேவைப்படும் நேரத்தில் எல்லாமே ஒன்றாகக் கைவிட்டுவிடும்!

அன்றைய சாலைகளும் அப்படித்தான். ஸ்காட்லாந்து மலைகளில் 1909-இல் தொடங்கிய மோட்டார் சைக்கிள் சோதனைப் போட்டி, பின்னாளில் ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் டிரையல் என்று புகழ்பெற்றது. இன்றுவரை நடந்துவரும் இந்த வகைப் போட்டிகளில் இதுதான் மிகப் பழையது. இங்கே வேகம் முக்கியம் அல்ல. கல்லும் சேறுமான ஏற்ற இறக்கங்களை வண்டி தாங்குகிறதா என்பதுதான் கேள்வி. 1911-இல் மேன் தீவின் டி.டி. பந்தயமும் ஸ்னேஃபெல் மலையைச் சுற்றிய சுமார் 60 கி.மீ. பாதைக்கு மாறியது. அப்போது அந்த மலைப்பாதை தார் காணாத பாதை. அந்த வருடம் சீனியர் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் பிடித்தது அமெரிக்காவின் 'இண்டியன்' நிறுவன வண்டிகள். அவற்றில் பெல்ட்டுக்குப் பதிலாகச் செயினும், இரண்டு கியர்களும் இருந்தன. மலையேற உதவிய அந்தச் செயினுக்கு இறக்கத்திலும் ஒரு பயன் உண்டு. செயின் வழுக்காது, எனவே இன்ஜின் பிடிப்பை நம்பலாம்.

முன் பிரேக்கே இல்லாத வண்டிகள்

1902-இல் பிரான்சின் லூயி ரெனோ காருக்காக உருவாக்கிய டிரம் பிரேக், மெல்ல மெல்ல மோட்டார் சைக்கிளுக்கும் வந்தது. மூடிய வட்டுக்குள் இரண்டு 'ஷூ'க்கள் விரிந்து உட்சுவரை அழுத்தும் முறை அது. விளிம்பு பிரேக்கைவிடப் பல மடங்கு மேல். முதலில் பின் சக்கரத்துக்குத்தான் கிடைத்தது.

அமெரிக்காவைப் பாருங்கள். ஹார்லி டேவிட்சன் தன் பெரிய வண்டிகளுக்கு முன் பிரேக் கொடுத்தது 1928-இல்தான். அதுவரை பின் பிரேக்தான் எல்லாம். இத்தனைக்கும் அன்றைய அமெரிக்காவின் கிராமப்புறச் சாலைகளில் பெரும்பகுதி மண் சாலைகள்! சமவெளியில் இப்படி ஓட்டிவிடலாம், செங்குத்தான இறக்கத்தில் முடியாது. மேலே பார்த்த 37-க்கும் 49-க்கும் உள்ள இடைவெளியை எந்தத் திறமையாலும் நிரப்ப முடியாது.

டிரம் பிரேக் முன் சக்கரத்துக்கு வந்த பிறகும் பயம் போகவில்லை. டிரம்முக்கு ஒரு குணம் உண்டு. சக்கரம் சுழலும் திசையிலேயே விரியும் ஷூவை, சுழற்சியே உள்ளே இழுத்துக்கொள்ளும். இதனால் லேசாகப் பிடித்தாலும் பலமாகப் பிடிக்கும். தாரில் இது வசதி. ஈர மண்ணிலோ விரலின் அழுத்தத்துக்கும் சக்கரம் இறுகுவதற்கும் நடுவே இடமே இல்லாமல் போகும். ஓடையைக் கடந்தால் டிரம்முக்குள் தண்ணீர் புகுந்து கொஞ்ச நேரம் பிரேக்கே பிடிக்காது. பிறகு காய்ந்து திடீரென்று பிடிக்கும். நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து பிடித்தால் சூடேறிப் பிடிப்பு குறைந்துவிடும்.

இரண்டு ஷூக்களும் இப்படி இழுத்துக்கொள்ளும் வகையில் அமைத்த டிரம்களில் இன்னொரு கூத்தும் உண்டு. முன்னோக்கிப் போகும்போது அபாரமாகப் பிடிக்கும். ஏற்றத்தில் வண்டி நின்று பின்னோக்கி உருள ஆரம்பித்தால், அதே பிரேக் ரொம்பவே சுமாராகத்தான் பிடிக்கும்.

டூ ஸ்ட்ரோக் வண்டிகள் பெருகியபோது இறக்கப் பிரச்னை வேறு வடிவம் எடுத்தது. இவற்றில் இன்ஜின் பிடிப்பு குறைவு. பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டும் வண்டியில், ஆக்ஸிலரேட்டரை மூடிக்கொண்டு நீண்ட இறக்கத்தில் இறங்கினால் இன்ஜினுக்குள் போகும் ஆயிலும் குறைந்துவிடும். எனவே கியரை மட்டும் நம்பி இறங்க முடியாது. பிரேக்கைத்தான் நம்ப வேண்டும்.

டிஸ்க் வந்தது, பயம் போனதா?

டிஸ்க் பிரேக் புதிய யோசனை அல்ல. 1923-இல் டி.டி. சீனியர் பந்தயத்தை வென்ற டக்ளஸ் வண்டியிலேயே அதன் ஒரு ஆரம்ப வடிவம் இருந்தது. ஆனால் அதைப் பரவலாக்கியது 1969-இல் வந்த ஹோண்டா சிபி 750. முன் சக்கரத்தில் ஆயில் அழுத்தத்தால் இயங்கும் டிஸ்க். டிஸ்க் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளாது. விரல் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவுதான் பிடிக்கும். தண்ணீர் பட்டாலும் சீக்கிரம் உதறிவிடும். மண் சாலைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனாலும் மண்ணில் ஓடும் பந்தய வண்டிகளுக்கு டிஸ்க் பரவலாக வந்தது 1980-களில்தான்.

கருவி மேம்பட்டாலும் மனிதர் மாறவில்லை. அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து, 1981-இல் அறிக்கை வெளியிட்டது. அதில் ஒரு முடிவு முக்கியமானது. விபத்தைத் தவிர்க்க முயன்ற பெரும்பாலான ஓட்டுநர்கள் பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்துச் சக்கரத்தைச் சறுக்க விட்டார்கள். முன் பிரேக்கைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை. அதுவும் நகரத்துத் தார் சாலைகளில்!

பயத்தைப் போக்க அறிவுரை போதாது என்று இதிலிருந்து தெரிகிறது. முன் சக்கரம் இறுகாது என்ற உத்தரவாதத்தை வண்டியே தர வேண்டும்.

1958: கைக்கு எட்டியது நழுவியது

அந்த உத்தரவாதத்தை உருவாக்க முடியும் என்பது அதற்கு 23 வருடங்களுக்கு முன்பே தெரிந்துவிட்டது. இதில் நமக்குத் தெரிந்த ஒரு பெயரும் வருகிறது.

விமானம் ஈரமான ஓடுபாதையில் இறங்கும்போது சக்கரங்கள் இறுகிச் சறுக்காமல் இருக்க, டன்லப் நிறுவனம் 'மேக்ஸரெட்' என்ற கருவியை உருவாக்கியிருந்தது. மின்னணு எதுவும் இல்லை. உள்ளே ஒரு சிறிய சுழல்சக்கரம். சக்கரம் திடீரென நின்றுவிட்டால் சுழல்சக்கரம் மட்டும் வேகத்தில் சுழன்றுகொண்டே போய் ஒரு வால்வைத் திறக்கும். பிரேக் அழுத்தம் குறையும். சக்கரம் மீண்டும் சுழலும். இன்றைய ஏ.பி.எஸ்-இன் அடிப்படை யோசனை இதுதான்.

1958-இல் பிரிட்டனின் சாலை ஆராய்ச்சிக் கூடம் இந்தக் கருவியை ஒரு மோட்டார் சைக்கிளில் பொருத்திப் பார்த்தது. எந்த வண்டி தெரியுமா? ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியோர்! சக்கரம் இறுகிச் சறுக்கும் நிலையோடு ஒப்பிட்டால் பெரும்பாலான சோதனைகளில் வண்டி குறைந்த தூரத்தில் நின்றது. வழுக்கும் தரையில் இந்த முன்னேற்றம் 30 சதவீதம் வரை இருந்தது. ஆனால் என்ஃபீல்டின் தொழில்நுட்ப இயக்குநர் டோனி வில்சன் ஜோன்ஸ் இதற்குப் பெரிய எதிர்காலம் இருப்பதாக நினைக்கவில்லை. கருவி உற்பத்திக்குப் போகவில்லை.

ஏ.பி.எஸ். வாங்கக் கிடைக்கும் முதல் மோட்டார் சைக்கிள் வர அதன் பிறகு 30 வருடங்கள் ஆயின. 1988-இல் பி.எம்.டபிள்யூ. தன் கே 100 வரிசையில் மின்னணு ஏ.பி.எஸ்-ஐக் கொண்டுவந்தது. அந்த அமைப்பின் எடை மட்டும் சுமார் 11 கிலோ. இடையில் போன 30 வருடங்களில் எத்தனை பேர் முன் சக்கரம் இறுகி விழுந்திருப்பார்கள் என்று யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது.

சரளை போட்ட முட்டுக்கட்டை

ஏ.பி.எஸ். வந்துவிட்டது, பிரச்னை தீர்ந்தது என்று நினைத்தால் அங்கேதான் மண் சாலை தன் வேலையைக் காட்டியது.

தாரில் சக்கரம் இறுகிச் சறுக்கினால் பிடிப்பு குறையும். தளர்ந்த சரளையிலும் ஆழமான மணலிலும் நடப்பது வேறு. இறுகிய சக்கரம் தரையைக் கிளறிக்கொண்டு போகும். பெயர்ந்த கல்லும் மண்ணும் சக்கரத்துக்கு முன்னால் குவிந்து, ஒரு சின்ன முட்டுக்கட்டையாகி வண்டியை நிறுத்த உதவும். ஏ.பி.எஸ். சக்கரத்தை இறுக விடாது, எனவே அந்தக் குவியலும் உருவாகாது. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் கார்களை வைத்து 1990-களின் இறுதியில் செய்த சோதனைகளில், தளர்ந்த சரளையில் மட்டும் ஏ.பி.எஸ். நிறுத்தும் தூரத்தைச் சராசரியாகச் சுமார் 27 சதவீதம் அதிகமாக்கியது.

இறக்கத்தில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதைப் பழைய ஏ.பி.எஸ். சக்கரங்களின் சுழற்சியை வைத்துத்தான் ஊகித்தது. வழுக்கும் சரிவில் இரண்டு சக்கரங்களும் ஒரே நேரத்தில் சறுக்க ஆரம்பித்தால் அந்த ஊகம் தடுமாறும். கணினி பிரேக்கை விடுவிக்கும், புவியீர்ப்பு இழுக்கும், மறுபடி பிடிக்கும், மறுபடி விடும். ஓட்டுபவருக்கோ பிரேக்கே இல்லாமல் உருள்வது போலிருக்கும். மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். மிச்சம் இருப்பதே 37 கிலோ. அதில் கொஞ்சம் போனாலும் வண்டி நிற்க இன்னும் அதிக தூரம் பிடிக்கும்.

இதனால்தான் 1993-இல் வந்த பி.எம்.டபிள்யூ. ஆர் 1100 ஜி.எஸ். போன்ற மண் சாலைக்கும் ஏற்ற வண்டிகளில், ஏ.பி.எஸ்-ஐ அணைத்துவைக்க வசதி இருந்தது. பாதுகாப்புக்காகக் காசு கொடுத்து வாங்கிய ஒன்றை, ஆபத்தான இறக்கம் வந்ததும் அணைத்துவிட்டு இறங்க வேண்டும்! அணைத்ததும் 1928-இன் பழைய பயம் திரும்பி வந்து முன் சக்கரத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

பாதி அணை, பாதி வை

விடை, இரண்டு சக்கரங்களையும் தனித்தனியாகப் பார்த்ததில் கிடைத்தது. இறுகினால் ஆளைத் தள்ளுவது முன் சக்கரம். இறுகினாலும் சமாளிக்க முடிவது, சில சமயம் உதவியும் செய்வது, பின் சக்கரம். அப்படியானால் முன் சக்கரத்துக்கு மட்டும் காவல் போட்டால் போதாதா?

2013-இல் வந்த கே.டி.எம். 1190 அட்வென்ச்சர் வண்டியின் 'ஆஃப்ரோடு' ஏ.பி.எஸ். இதைத்தான் செய்தது. பின் சக்கரத்தை ஓட்டுபவர் விருப்பம்போல் இறுக்கலாம். முன் சக்கரத்துக்குக் காவல் உண்டு, ஆனால் தாரில் இருப்பதைவிடக் கொஞ்சம் தாமதமாகத் தலையிடும். அதற்கடுத்த மாடலில் வண்டியின் சாய்வையும் முன்பின் சரிவையும் அளக்கும் உணர்வியும் சேர்ந்தது. வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்று கணினிக்கு இப்போது ஓரளவு தெரியும். 11 கிலோ இருந்த ஏ.பி.எஸ். கருவியும் இதற்குள் ஒரு கிலோவுக்கும் கீழே இளைத்துவிட்டது.

சட்டமும் பின்னாலேயே வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2016 முதல் 125 சி.சி-க்கு மேற்பட்ட புதிய மாடல்களுக்கு ஏ.பி.எஸ்-ஐக் கட்டாயமாக்கியது. மண்ணில் மட்டுமே ஓடும் எண்டியூரோ, டிரையல் வகை வண்டிகளுக்கு விலக்கு கொடுத்தது. இந்தியாவில் 2019 ஏப்ரல் 1 முதல் 125 சி.சி-க்கு மேற்பட்ட எல்லாப் புதிய வண்டிகளுக்கும் கட்டாயம் ஆனது. அடுத்த மாதமே வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-இல் முன் சக்கரத்துக்கு மட்டும் ஏ.பி.எஸ். இருந்தது. விலையைக் குறைக்கத்தான் இந்த ஒற்றைச் சக்கர ஏற்பாடு என்று பலரும் நினைத்தாலும், மண் இறக்கத்தில் அதுவே பொருத்தமாக அமைந்துவிட்டது.

ராயல் என்ஃபீல்டு இந்தக் கதைக்குள் திரும்பி வருவதும் இங்கேதான். பிரிட்டனில் அந்த நிறுவனம் 1970 வாக்கில் மூடப்பட்டுவிட்டது. 1955-இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா தொடர்ந்து வாழ்ந்தது. சென்னையை ஒட்டிய தொழிற்சாலைகளில் உருவாகி 2016-இல் வந்த ஹிமாலயன், பெயருக்கு ஏற்ப மலைப்பாதைக்கான வண்டி. முதலில் ஏ.பி.எஸ். இல்லை. 2018-இல் இரண்டு சக்கரங்களுக்கும் வந்தது. மண் இறக்கத்தில் ஓட்டியவர்கள் பின் சக்கரத்தை விட்டுக்கொடுங்கள் என்று கேட்டார்கள். 2020 ஜனவரியில் வந்த மாடலில் ஒரு பொத்தான் சேர்ந்தது. அழுத்தினால் பின் சக்கர ஏ.பி.எஸ். அணையும், முன் சக்கரத்தின் காவல் அப்படியே இருக்கும். 1958-இல் வேண்டாம் என்று வைத்த கருவி, 62 வருடம் கழித்து அதே பெயர் தாங்கிய வண்டியில் சரியான அளவில் வந்து சேர்ந்திருக்கிறது.

மிச்சம் இருப்பது

இதனால் பழைய அறிவுரை முழுக்கத் தப்பு என்று ஆகிவிடாது. முன் சக்கரத்துக்குக் காவல் இல்லாத வண்டிகள் இன்னும் லட்சக்கணக்கில் மலைக் கிராமங்களில் ஓடுகின்றன. அவற்றில் ஈர மண்ணில் முன் பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் விழுவது நிச்சயம். தப்பு "தொடாதே" என்ற சொல்லில்தான் இருக்கிறது. இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, முதல் கியரில் இறங்கி, பின் பிரேக்கோடு முன் பிரேக்கையும் ஓரிரு விரலால் மெல்ல மெல்லக் கூட்டிப் பிடிக்க வேண்டும். சக்கரம் இறுகுவது போல் தோன்றினால் உடனே விட்டுப் பிடிக்க வேண்டும். ஹேண்டில்பார் நேராக இருக்கும்போது மட்டும்தான் இது, திருப்பத்தில் அல்ல. ஏ.பி.எஸ். செய்வதும் இதைத்தான், விரலைவிடப் பல மடங்கு வேகமாக.

எந்தக் கருவி இருந்தாலும் 24 மீட்டர் 10 மீட்டராக மாறாது என்பதையும் மறக்கக் கூடாது. தரை தராத பிடிப்பை எந்தக் கணினியாலும் உண்டாக்க முடியாது. அதே இறக்கத்தில் வேகத்தை 30-லிருந்து 15 கி.மீ. ஆகக் குறைத்தால் 24 மீட்டர் 6 மீட்டர் ஆகிவிடும். அதற்கு ஏ.பி.எஸ்-உம் வேண்டாம், பொத்தானும் வேண்டாம்!